தோல்வியே அறியாத அலமேலு

அலமேலு என் மேசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பார்த்தாள். அது அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். நான் சுவிட்சைத் தொட்டுக் காட்டினேன்.

“அண்ணே, ஒண்ணு கேப்பேன். செய்வீங்களா?”

“சொல்லும்மா.”

“இன்னிக்கி அந்தப் பட்டத்த மட்டும் சொல்லாதீங்க.”

காணும் பொங்கல் அன்று பிற்பகல். சங்கராபுரத்துக்கு வெளியே, நெல் அறுத்த வயலைத் தட்டிச் சமப்படுத்தி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். பெண்கள் கபடி. வரப்பெல்லாம் ஜனம். கரும்பு கடித்துத் துப்பிய சக்கை காலடியில் மெத்தை போலக் கிடந்தது. அந்த இனிப்பு வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்து அடித்தன.

அவள் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக் காட்டினாள். இடது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது.

“இப்படி இருந்தா எதுக்கும்மா எறங்கற?”

“ஏழு பேருதான் வந்துகீறோம். நான் நிக்கலன்னா ஆட்டமே கெடையாது. பிடிக்கு மட்டும் நின்னுக்கிறேன். ரெய்டு போவல. நீங்க அந்தப் பேர மைக்ல சொல்லிட்டா ஜனம் வுடாதுண்ணே. அடுத்த மாசம் கபடி கோட்டாவுல வேலைக்கு செலக்சன் இருக்குது. அதுவரைக்கும் இந்தக் கால் எனக்கு வேணும்.”

“சொல்லமாட்டேன், போ. தைரியமா ஆடு” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு எழுந்தாள். எழும்போது என் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் என் மோட்டார் காயில் கட்டும் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ரிஷிவந்தியத்து வாசகர் ஒருவர் என்னைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார். “மோட்டாரப் பத்தி எழுதுறீங்க, சரி. இருவது வருசம் மைக்கப் புடிச்சீங்களே, அத ஏங்க வுட்டீங்க?” என்று கேட்டார். கையில் செம்புக் கம்பி இருந்தது. சுற்று எண்ணிக்கை தப்பிவிடும் என்று சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவருக்குச் சொல்லாத பதில்தான் இந்த வாரம்.

நான் கபடி ஆடியவன் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும்தான். காயில் கட்டும் வேலை மந்தமாக இருக்கும் மாதங்களில் அவற்றை வாடகைக்கு விடுவேன். ஒரு பொங்கலுக்கு, வர்ணனை செய்ய வேண்டிய வாத்தியாருக்குக் காய்ச்சல். கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பதற்கு மேல் நான் அதில் பேசியதே இல்லை. ஆனால் ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. ஆட்டம் முடிந்ததும் யாரோ ஒருவர் என் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது. சந்தோஷமாக இருந்தது.

அற்றவையும் இல்லாதவையும்

மைக் பிடிப்பவனுக்கு முதலில் தீர்ந்துபோவது தொண்டை இல்லை, வார்த்தை. நன்றாக ஆடுகிறான் என்று எத்தனை முறை சொல்வது? அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். மிகச் சிறந்தவர்களைக் குறிக்கும் வார்த்தைகளை எங்கே பார்த்தாலும் எழுதிக்கொள்வேன். கல்யாண போஸ்டரில், தலைவர்களை வரவேற்கும் பேனரில், கண்ணீர் அஞ்சலியில், கோவில் நோட்டீஸில்.

நிகரற்ற. ஒப்பற்ற. இணையற்ற. ஈடில்லாத. தன்னிகரில்லாத. ஒரு பக்கம் நிறைந்த பிறகுதான் கவனித்தேன். எல்லாம் அற்றதும் இல்லாததுமாக இருக்கின்றன. ஒருவனை உயர்த்த வேண்டுமானால் நேராக அவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மற்றவர்கள் எல்லோரையும் இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பேச்சில் இருக்கும் வார்த்தைகள் அப்படி இல்லை. கில்லாடி, கெட்டி, பலே கை, சூரன், புலி, டாப்பு. இப்போதென்றால் மாஸ், வேற லெவல். இவை யாரையும் கீழே தள்ளாமல் ஆளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். ஆனால் மைக்கில் சொன்னால் இவற்றுக்கு எடுப்பு வராது. குழாய் ஸ்பீக்கருக்கு “நிகரற்ற” என்ற சொல்லில் இருக்கும் அந்த இரண்டு றகரம் மிகவும் பிடிக்கும். அது வயலைத் தாண்டிப் போய் மோதித் திரும்பி வரும்.

ஒருமுறை ஓர் இறுதி ஆட்டத்தில் இரண்டு அணித் தலைவர்களையும் நிகரற்றவர் என்று சொல்லிவிட்டேன். இடைவேளையில் டீ கொண்டுவந்த கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு நின்றார்.

“இன்னாங்க?”

“இல்ல, ஒரு டவுட்டு. இவனுக்கும் நிகரு இல்ல, அவனுக்கும் நிகரு இல்லன்றீங்க. அப்ப ரெண்டு பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் நிகராயிட்டாங்களே?”

அடுத்த பாதி ஆட்டம் முழுக்க நான் இருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

மணலூர்பேட்டைக் காளை

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அது இந்தக் கதைக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும்.

மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பேச்சுவாக்கில் தன் காளையைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு உயரம், அப்படி ஒரு நடை. ஜில்லாவிலேயே அதற்கு ஜோடி இல்லை என்றார்.

“அப்ப நல்லா ஓட்டுவீங்க.”

“எங்க ஓட்டறது? ஜோடி இல்லன்னு சொல்றேனே. எந்த மாட்டக் கூடக் கட்டினாலும் நுகத்தடி ஒரு பக்கம் தூக்கிக்குது. கட்டுத்தறியில நின்னுக்கினு தின்னுக்கினு கீது.”

அவர் போன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒப்பற்றதாக இருப்பது அந்தக் காளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

மலையிலிருந்து வந்தவர்கள்

அலமேலுவை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் காணும் பொங்கலுக்கு ஒரு வருடம் முன்னால். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண்கள் அணி வருகிறது என்றார்கள். தக்காளி ஏற்றும் டெம்போவில் நின்றுகொண்டே வந்து இறங்கினார்கள். ஒரே நிறச் சட்டை கிடையாது. ஒருத்தி மட்டும் இடுப்பிலிருந்த பெண் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, முந்தானைக்குப் பழகிய கையால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நேரே களத்தில் இறங்கினாள்.

அவள் பாடிப் போன விதத்தை எப்படிச் சொல்வது? மற்றவர்கள் கபடி கபடி என்று கத்துவார்கள். அவள் முணுமுணுப்பாள். நடுவர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். உடம்பில் அவசரமே இருக்காது. சாமை வயலுக்குள் வழி பார்த்து நடப்பவள் மாதிரி நடப்பாள். எதிரணி அவளைச் சுற்றி வளைத்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது, வளைத்தவர்களில் இரண்டு பேர் வெளியே போயிருப்பார்கள். அவள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள்.

நோட்டில் இருந்த வார்த்தைகள் எல்லாம் முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டன. இரண்டாம் பாதியில் என் வாயில் தானாக வந்தது அது.

“இதோ வருகிறார், தோல்வியே அறியாத அலமேலு!”

ஜனம் ஹோ என்று எழுந்தது. அவர்கள் ஜெயித்தார்கள். கோப்பையோடு என் மேசைக்கு வந்தவள், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணே, போன வாரம் ஆத்தூர்ல தோத்துட்டுதாண்ணே வந்தோம்.”

“அது ஆத்தூர்மா. இது சங்கராபுரம்.”

இருவரும் சிரித்தோம். ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அடுத்த வருடம் சுவரொட்டியில் அவள் பெயருக்கு முன்னால் அந்த இரண்டு சொல்லையும் அச்சடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அவள் என் மேசைக்குப் பக்கத்தில் குந்தி, அதைச் சொல்லாதீர்கள் என்று கேட்டது.

நான் சொன்னது

முதல் பாதி முழுக்க வாக்குத் தவறவில்லை. அவள் மூலையில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் பாடிப் போனார்கள். மலை அணி நான்கு புள்ளி பின்தங்கியது.

இரண்டாம் பாதியில் கூட்டம் ஓய்ந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். சிலர் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கமிட்டித் தலைவர் என் பக்கம் குனிந்து, “இன்னாப்பா, சப்புன்னு கீது. ஒரு தூக்குத் தூக்கு” என்றார்.

அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லவில்லை. அவருக்கு அவள் முட்டியைப் பற்றித் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எனக்குத்தான் அந்த அமைதி பொறுக்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்க, கூட்டம் என்னைக் கேட்காமல் எழுந்து போவது அதுதான் முதல் தடவை.

“எங்கே? எங்கே? எங்கே நம்ம தோல்வியே அறியாத அலமேலு?”

அவ்வளவுதான். கிளம்பியவர்கள் நின்றார்கள். “அலமேலு! அலமேலு!” என்று வயலின் நாலு பக்கமும் கைதட்டு எழுந்தது. கூட ஆடும் பெண்கள்கூட அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். களத்தின் அந்த மூலையிலிருந்து என் மேசைக்கு இருபது அடி இருக்கும். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் தவறிச் சொல்லிவிட்டேனா, தெரிந்து சொன்னேனா என்று அவள் என் முகத்தில் தேடினாள்.

பிறகு நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிப் போனாள்.

முதல் முறை ஒருத்தியைத் தொட்டு வந்தாள். இரண்டாம் முறையும் ஒருத்தி. மூன்றாவதில் எதிரணிக்காரி அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். அலமேலு திரும்பி நடுக்கோட்டை நோக்கி எட்டினாள். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை.

பழகிய வாய் பாருங்கள், “என்ன ஒரு துணிச்சல்!” என்று அப்போதும் என் குரல் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. அவள் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போனது.

பழம் மட்டும்

இரண்டு நாள் கழித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பை நிறைய ஆரஞ்சு. வார்டு வாசலில் அவள் புருஷன் நின்றிருந்தான். இடுப்பில் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், நடப்பாள், ஆனால் இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். அடுத்த மாதம் செலக்சனுக்குப் போவதற்கு இல்லை.

“நாந்தாம்பா அன்னிக்கி மைக்ல...” என்று தொடங்கினேன்.

“தெரியும். அவ சொன்னா.”

அவன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

“பழத்தக் குடுங்க. வாங்கிக்கிறேன். உள்ள வராதீங்க” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

கடைக்கு வந்து ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். அந்த நோட்டைக் கிழிக்கவில்லை. அதன் வெள்ளைப் பக்கங்களில் காயில் சுற்றுக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். யார் வந்து கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லை என்றேன். ஐந்தாறு பொங்கல் அப்படிப் போனது.

வெள்ளிமலை பஸ்

இந்த வருடம் தையில் ஒரு போன். மலையிலிருந்து பேசுகிறோம், ஊரில் கபடி வைக்கிறோம், நீங்கள் வந்து வர்ணனை செய்ய வேண்டும் என்றார்கள். தொண்டைக் கதையைத் தொடங்கினேன்.

“அலமேலு அக்காதாங்க உங்களக் கூப்புடச் சொன்னாங்க.”

போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், “போய்ட்டு வாங்க. திட்டணும்னா இவ்ளோ தூரம் வரச் சொல்லியா திட்டுவா?” என்றாள்.

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையில் ஏற ஏறக் காது அடைத்தது. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடித்தார். மேலே போனதும் வெயிலில் சூடு இல்லை. சாலை ஓரத்தில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு மண்ணோடு குவிந்து கிடந்தது. அதன் பச்சை மண் வாசனை ஜன்னல் வழியே ஏறியது. கையில் மைக் எதுவும் இல்லை. அவர்களே வைத்திருக்கிறார்களாம்.

மைதானத்தை அடைந்தபோது கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். நூலைப் பிடித்து இழுத்துக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது அலமேலு. நடுவர் தேர்வு எழுதித் தேறியிருக்கிறாள் என்று பிறகு சொன்னார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் நூலைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். இடது காலை லேசாக வீசி நடந்தாள்.

“வாங்கண்ணே. டீ சாப்டீங்களா?”

பலா மரத்தடியில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. “அன்னிக்கி நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீ கேட்டுக்கினியே, அப்பறமும் சொன்னேன்” என்றேன்.

அவள் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பரவால்லன்னு சொல்லணும்னு நெனச்சிக்கினுதான் இருந்தேன். வாய்ல வர மாட்டேங்குது. நீங்க சொன்னதாலதாண்ணே போனேன். சொல்லலன்னா போயிருக்க மாட்டேன்.”

“ஆமா.”

“ஆனா எனக்கும் கேக்க ஆசையா இருந்திச்சி. வேணாம்னு உங்ககிட்ட கேட்டுட்டு, காது அதுக்கே காத்துக்கினு இருந்திச்சி. அத யார்கிட்டயும் சொன்னதில்ல.” கயிற்றை அவிழ்த்தாள். “ரெண்டு மூணு வருசம் ரொம்பக் கோவம். அப்பறம் பொண்ணு ஸ்கூலு, கெழங்குக் காடு, இந்தப் பரீட்சைன்னு வேல ஜாஸ்தியாயிடிச்சி.”

“என்ன எதுக்கும்மா கூப்ட்ட?”

“எங்க ஆளுங்க மைக்கப் புடிச்சா அவங்க ஊருப் பெருமையத்தான் பேசுவாங்க. களத்துல இன்னா நடக்குதுன்னு உங்க கண்ணுக்குத்தான் தெரியும். யாரு பாடிப் போனாங்க, யாரு தொட்டாங்க, எத்தினி பாயிண்ட்டு. அத சொல்லுங்க. எங்கள்ல யாருக்கும் பட்டம் வேணாம்.”

பக்கக் கோடு

பத்து நிமிடம் வாய் தடுமாறியது. வெறும் கையோடு சண்டைக்குப் போனவன் மாதிரி இருந்தது. பிறகு வேறு ஒன்று நடந்தது. பட்டத்தைத் தேடாததால் ஆட்டத்தைப் பார்க்க நேரம் கிடைத்தது. யார் எந்தக் காலை முன்வைக்கிறான், யார் மூச்சை எங்கே விடுகிறான் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஜனம் எழுந்து கத்தவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆண்கள் இறுதி ஆட்டம். அலமேலு வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் பக்கத்து மலைக் கிராமத்துக்கும் நடந்தது. அவள் ஊர் அணியின் தலைவன் முருகேசன், அவளுக்குக் கொழுந்தன். கட்டுமஸ்தான ஆள்.

கடைசி நிமிடம். முருகேசன் அணி ஒரு புள்ளி பின்னால். அவன் பாடிப் போனான். இடது ஓரமாகச் சீறி ஓடி இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நடுக்கோட்டில் விழுந்தான். அவன் ஊர் முழுக்க எழுந்து ஆடியது.

அலமேலு விசில் ஊதிக் கையை வெளியே நீட்டினாள். அவுட். தொடுவதற்கு முன்பே கால் பக்கக் கோட்டுக்கு வெளியே பட்டுவிட்டது.

நான் அந்தக் கோட்டின் முனையில்தான் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக்கு அந்தப் பக்கம், ஈர மண்ணில், குதிகால் பதிந்த தடம் இருந்தது.

ஆனால் ஜனம் மைதானத்துக்குள் வந்துவிட்டது. “சொந்த ஊருக்கே வேட்டு வெக்கிறியா?” என்று ஒருவர் கத்தினார். “அன்னிக்கி காலு போச்சி, இப்ப கண்ணும் போச்சா?” என்றார் இன்னொருவர். அலமேலு நகரவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை. அவள் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

விழாக் கமிட்டியில் ஒரு பெரியவர் என்னிடம் ஓடிவந்தார். “ஏங்க, ரெய்டு மறுபடியும்னு மைக்ல சொல்லிடுங்க. சண்டையாயிடும். நீங்க வெளியூரு, நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் பயம். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். இருபது அடி தூரத்தில் அலமேலு. இந்த முறை அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“நடுவர் தீர்ப்பு: முருகேசன் அவுட். கால் கோட்டுக்கு வெளியே பட்டது. நானும் பார்த்தேன். தடம் இதோ இருக்கு, யாரும் மிதிக்காம வந்து பாருங்க.”

“நானும் பார்த்தேன்” என்பதோடு ஸ்பீக்கர் செத்துவிட்டது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள். மீதியை வெறும் தொண்டையில்தான் சொன்னேன். நாற்காலியின் மேல் ஏறி நின்று, இன்னொரு தடவையும் சொன்னேன். யாரோ நாற்காலியை உதைத்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே விழாமல் இறங்கினேன். என்ன ஆனாலும் அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே நிற்பது என்று நின்றேன்.

அப்போது முருகேசன் எழுந்தான். முட்டியிலிருந்த மண்ணைத் தட்டினான். நடந்து போய், அவுட் ஆனவர்கள் உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

தலைவனே உட்கார்ந்த பிறகு யார் என்ன செய்வது? கத்தியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்கு வெளியே போனார்கள். பாக்கியிருந்த சில நொடி ஆட்டமும் நடந்தது. அவர்கள் இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

பஸ் வரும்வரை

மாலை நான்கரை மணி பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றேன். வழியனுப்ப அலமேலுவும் புருஷனும் வந்திருந்தார்கள். அவர்கள் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள், அம்மாவின் விசிலை வாங்கி ஊதிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் சிலர் எங்களைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“நாலு நாள் பேசமாட்டாங்க. அப்பறம் ரேஷன் கார்டு மனு எழுதித் தரச் சொல்லி வருவாங்க” என்றாள் அலமேலு.

முருகேசன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தான். அவன் பேசுவானா மாட்டானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அலமேலு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் கத்தியபோது வராத கலக்கம் அவளுக்கு இப்போதுதான் வந்திருந்தது.

“கால் பட்டது எனக்கே தெரியும் அண்ணி” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “சுண்ணாம்பு சில்லுன்னு இருந்திச்சி. அதத் தாண்டினதும் ஈரம். யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அலமேலு புறங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். குரலில் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது.

“ஏண்ணே, அத்தினி பேருக்கு முன்னால கை எறக்காம நின்னுதே. இந்த மலையிலயே எங்க அண்ணி மாதிரி ஒரு நடுவர் கெடையாதுன்னு மைக்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“வயரத்தான் புடுங்கிட்டாங்களேப்பா” என்றேன்.

எல்லோருக்கும் முன்னால் சிரித்தது அலமேலுதான்.